காலாண்டு நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. வட்டார விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசு பெற்றார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தவர்களும் முன்னேறி வருகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் முயற்சியால் குடிநீர்க் குழாய்களும் சரியாகிவிட்டன. அனைவருக்கும் பாராட்டுகள்.

இன்னொரு செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இல்லத்தரசிகளுக்கான ஊட்டச்சத்து வகுப்புக்கு முன்பாகப் பிள்ளைகளிடம் ஒரு படிவம் கொடுத்தனுப்பினோம். திரும்பி வந்தவை குறைவு. வந்தவற்றிலும் பல, பிள்ளைகளின் கையெழுத்தில் இருந்தன. "நேற்று வீட்டில் யார் என்ன சாப்பிட்டார்கள்?" என்ற அட்டவணையில் அப்பா, தாத்தா, தம்பி எல்லோருக்கும் எழுதியிருக்கிறது. அம்மாவின் கட்டத்தில் வெறும் கோடு. ஒரு படிவத்தில் "மீதி இருந்தது" என்று மட்டும் இருந்தது. அதைப் படித்துவிட்டு எளிதில் அடுத்த தாளைப் புரட்ட முடியவில்லை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளிடம், முந்தைய ஆய்வில் 50.7 சதவீதமாக இருந்தது 57.4 ஆக உயர்ந்துவிட்டது. ஆனால் நம் தெருவில் ரத்தசோகை ஏன் வருகிறது என்பதை மாநிலக் கணக்கு சொல்லாது. படிவம்தான் சொல்லும். கீரையே சமைக்காத வீட்டுக்குச் சொல்ல வேண்டியது வேறு. கீரை சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் வீட்டுக்குச் சொல்ல வேண்டியது வேறு. டீ, இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் அந்தச் சத்து சேர உதவும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் ரசம் சோற்றோடு எழுந்துவிடும் தாய்க்குச் சமையல் குறிப்பு எதற்கு? அந்த வீட்டிலிருந்து வகுப்புக்கு வர வேண்டியவர்கள் கணவரும் மாமியாரும்தான். இதெல்லாம் தெரிந்தால்தான் கிராம சுகாதாரச் செவிலியர் எதைப் பேசுவது என்று முடிவு செய்ய முடியும்.

எனவே கண்டிப்பாகச் சொல்கிறேன்: பிள்ளைகள் நிரப்பிய படிவங்களை வகுப்பாசிரியர்கள் இனி வாங்கமாட்டார்கள். தாயின் கட்டம் வெறுமையாக இருந்தால் படிவம் வீட்டுக்கே திரும்பி வரும்.

யாரையும் குறை சொல்வது நோக்கமல்ல. பெயர் எழுத வேண்டாம். ரேஷன் அட்டைக்கோ உதவித்தொகைக்கோ இதனால் எந்தப் பாதிப்பும் வராது. காய்கறி விலையும் உங்கள் வேலைச் சுமையும் அறிந்தே கேட்கிறேன். எழுத நேரமில்லாதவர்கள் மாலையில் பிள்ளையை அழைக்க வரும்போது வாய்மொழியாகச் சொல்லுங்கள், ஆசிரியர்கள் எழுதிக்கொள்வார்கள்.

புதிய படிவம் இத்துடன் உள்ளது. வெள்ளிக்கிழமைக்குள் தாருங்கள். வகுப்பு அடுத்த சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு, கைக்குழந்தையோடும் வரலாம். முதல் முறையே ஒளிவுமறைவின்றி எழுதித் தந்த தாய்மார்களுக்கும், கூடவே உட்கார்ந்து எழுத உதவிய அப்பாக்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்