அழுக்கு ஸ்பாஞ்சுக்கு ஒரு நன்றி

எங்கள் குடியிருப்பில் உள்ள எல்லோருக்கும்,

போன வாரம் ஒரு ராத்திரி எங்கள் வீட்டு மீன் தொட்டியில் மீன்கள் மூச்சுக்குத் தவித்துச் செத்துக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டே போனீர்கள். அந்த ராத்திரியை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. மீன் தொட்டிக்குப் போய் இவ்வளவு அழுகையா என்று ஒருவரும் கேட்கவில்லை, முதல் நன்றி அதற்கு. (என் கணவர் மட்டும் கேட்டார். பிறகு அவரும் விடியும்வரை டார்ச் பிடித்தார்.)

ஆனால் இந்த மடலை எழுத வைத்தவர் கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடையில் வேலை பார்க்கும் தம்பி. சில மாதங்களுக்கு முன் அவர் கடையில் ஒரு பிடி ஜாவா பாசிக்கு 20 ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நின்றவள் நான். தொட்டியை வாங்கியதோ வேறு கடையில். பாசி போட்டுக் கொடுத்த கவரில் இருந்த எண்தான் அன்றிரவு கைக்கு அகப்பட்டது.

மணி பத்தரை. காலடியில் இரண்டு வாளி போர் தண்ணீர் தயார். பி.எச். இறங்கிவிட்டது, அதாவது தண்ணீர் அமிலமாகிவிட்டது, பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள் என்று தொட்டியை விற்றவர் சொல்லியிருந்தார். இந்தத் தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, நத்தை ஓடு எப்படி இருக்கிறது?" என்றார்.

மீன் மூச்சுக்குத் தவிக்கிறது, இவர் நத்தையை விசாரிக்கிறாரே என்று எரிச்சலோடு குனிந்து பார்த்தேன். ஓட்டின் உச்சி வெளுத்து, சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டியதுபோல் குழிகுழியாக அரித்துப்போயிருந்தது.

"அப்படியானால் வாளியைத் தொடாதீர்கள்" என்றார்.

என் தொட்டி மீனான நியான் டெட்ராவுக்கு மென்மையான தண்ணீர்தான் பிடிக்கும் என்று ஆறு மாதமாக, உப்பெல்லாம் வடிகட்டிய வெறும் ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றி வந்தேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா கூடவே அமிலத்தையும் விடுகிறது. அதைத் தாங்கிக்கொள்ள வேண்டிய கார்பனேட், கடைக்காரர்கள் கே.எச். என்பார்களே அது, என் தண்ணீரில் மிச்சமில்லை. நத்தை ஓடுவரை கரைந்துவிட்டது. பி.எச். 6-க்குக் கீழே போனதும் பாக்டீரியாவும் முடங்க, அம்மோனியா சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அம்மோனியமாக, அவ்வளவு விஷமில்லாமல் கிடக்கும். போர் தண்ணீரைக் கொட்டி பி.எச். 8-ஐத் தொட்டிருந்தால் விஷப் பங்கு ஏறத்தாழ 100 மடங்காகியிருக்கும். மிச்சம் இருந்தவற்றை என் கையாலேயே கொன்றிருப்பேன்.

ஒரு வாளி ஆர்.ஓ. தண்ணீரில் ஒரே ஒரு சொம்பு போர் தண்ணீர். காற்று டியூபில் தளர்வாக ஒரு முடிச்சு. சொட்டுச் சொட்டாக இறங்கட்டும். தொட்டியிலிருந்து எடுக்கும் தண்ணீரும் அதே அளவுதான். மூன்று நாள் தீனி கிடையாது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன் எங்கள் வாசலில் நின்றார். கையில் ஒரு பாலிதீன் கவர், அதில் கொஞ்சம் தண்ணீர், அவர்கள் கடைத் தொட்டி ஃபில்டரில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச். அந்த அழுக்கில்தான் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியிருக்கிறது. பழுப்பு நிறம், வற்றிய குளத்தின் வாடை. "இன்றைக்குப் போடாதீர்கள், இந்த அமிலத்தில் இதுவும் படுத்துவிடும். பி.எச். ஏறும்வரை தனி வாளியில் காற்று விட்டு வையுங்கள்" என்றார். பணம் நீட்டினேன். "அழுக்குக்கு யாராவது காசு வாங்குவார்களா அக்கா?" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். அந்த 20 ரூபாய் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அவருக்கு ஞாபகம் இருந்ததா, தெரியவில்லை.

டெஸ்ட் கிட் கொடுத்த மூன்றாம் மாடி ஆசிரியை, வாளி சுமந்த காவலாளி அண்ணன், பேட்டரி பம்ப் தேடிக் கொண்டுவந்த பிள்ளைகள், காபி அனுப்பிய மாமி, உங்கள் எல்லோருக்கும் கைகூப்பு. 26 நியான்களில் 19 இருக்கின்றன. தொட்டிக்குள் இருக்கும் வாலிஸ்னேரியா செடியில் புதுக் குருத்து ஒன்று வந்திருக்கிறது.

இனி வெறும் ஆர்.ஓ. ஊற்ற மாட்டேன். ஞாயிறுதோறும் கே.எச். பார்ப்பேன் என்று காலண்டரில் எழுதி ஒட்டியாயிற்று. ஃபில்டருக்குள் இன்னொரு ஸ்பாஞ்ச் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்; ஒன்றிரண்டு மாதத்தில் அதுவும் நன்றாக அழுக்காகிவிடும். யாருக்காவது தேவைப்பட்டால் எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள். கவர் மட்டும் கொண்டு வந்தால் போதும். போகிற வழியில் குழாயடியில் அலசிவிடாதீர்கள். குளோரின் பட்டால் அப்புறம் அது பாத்திரம் தேய்க்கத்தான் ஆகும்.