ரோட்டரி இஞ்சின் விமானத்துக்கு சைலன்சர் செஞ்சு விக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வீட்டுலயே விமானம் கட்டுறவங்களுக்கு எக்சாஸ்ட் பைப்பும் சைலன்சரும் செஞ்சு விக்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன், தனியா ஒருத்தரைக் குறி வச்சு இல்ல. நான் மாஸ்டா 13பி இஞ்சின் (ரெண்டு ரோட்டர் இருக்கிற ரோட்டரி கார் இஞ்சின், பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்தும்) போட்டு நானே கட்டின ரெண்டு சீட் விமானத்தை ஓட்டிட்டு இருக்கேன். உங்ககிட்ட கேக்கப்போறது பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. நீங்க விக்கிற சைலன்சர் எந்த சூட்டுல, எவ்வளவு நேரம் நிறுத்தாம ஓடினதுன்னு எழுதிக் கொடுங்க, அதுக்குள்ள என்ன இருக்குன்னும் சொல்லுங்க. இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேக்குறேன்னு புரியணும்னா நான் அறுத்துப் பார்த்த ஒரு சைலன்சரைப் பத்தி முதல்ல சொல்லணும்.

வெளியில பார்த்தா அதுல ஒரு குறையும் இல்ல. பளபளப்பு போய் நீலமும் பழுப்புமா நிறம் மாறியிருந்துச்சு, அவ்வளவுதான், வெல்டிங் எல்லாம் அப்படியே இருந்துச்சு. சத்தம் கொஞ்சம் கூடின மாதிரி இருக்கேன்னு சந்தேகப்பட்டுத்தான் கழட்டி கட்டரை வச்சேன். உள்ள கேஸ் நுழையுற பக்கம் இருக்க வேண்டிய ஓட்டை போட்ட குழாய் ஒரு சாண் நீளத்துக்குக் காணவே காணோம். மிச்சம் இருந்த ஓரமெல்லாம் பேப்பர் கணக்கா மெலிஞ்சு, விரல் வச்சா கருப்பா செதில் செதிலா உதிருது. சுத்தி அடைச்சிருந்த கண்ணாடி நார் மொத்தமும் காத்தோட போயிடுச்சு, கடைசி மூலையில மட்டும் கொஞ்சம் உருகி உருண்டையா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இதெல்லாம் கூட பரவால்ல, உடைஞ்ச குழாய்த் துண்டு ஒண்ணு வெளிய போற வாய்க்கு முன்னாடி குறுக்க கிடந்துச்சு. அது இன்னும் ரெண்டு விரக்கடை நகர்ந்து வாயை அடைச்சிருந்தா இஞ்சின் மூச்சு முட்டி பவர் இறங்கியிருக்கும், அதுவும் ஃபுல் பவர்ல டேக்-ஆஃப் ஆகிட்டு இருக்கிற நேரத்துலதான் அது நடக்க வாய்ப்பு ஜாஸ்தி. இதை வித்தவங்க "விமானத்துக்கு ஏத்தது" அப்படின்னு சொல்லித்தான் வித்தாங்க. எந்த விமானம், எந்த இஞ்சின், எவ்வளவு சூடு, எதுவுமே சொல்லல.

இந்த இஞ்சினோட எக்சாஸ்ட் ஏன் இவ்வளவு கொடூரமா இருக்குன்னு உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா சைலன்சரைப் பார்த்தா தெரிஞ்சு செஞ்ச மாதிரி இல்ல, அதனால சொல்லிடுறேன். பிஸ்டன் இஞ்சின்ல வால்வு இருக்கு, அது மெதுவா திறக்கும், கேஸ் வெளிய வர்ற வழியில வால்வு, கைடு, ஹெட் எல்லாம் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கும். ரோட்டரியில வால்வே கிடையாது. ரோட்டரோட முனை போர்ட்டை, அதாவது கேஸ் வெளிய போற ஓட்டையை, தாண்டின நொடியில வாய் பட்டுனு திறந்துடும். அதுக்கு மேல எரியுற அறை நீளமா தட்டையா இருக்கிறதால தீ கடைசி வரைக்கும் போய்ச் சேர நேரம் ஆகுது, எரிஞ்சு முடியாத பெட்ரோல் பைப்புக்குள்ளயும் எரிஞ்சுக்கிட்டே வருது. 1970கள்ல மாஸ்டா தன்னோட ரோட்டரி கார்கள்ல புகையைச் சுத்தம் பண்ண தெர்மல் ரியாக்டர்னு ஒண்ணு வச்சாங்க, அதுல கொஞ்சம் காத்தை உள்ள விட்டா போதும், கேட்டலிஸ்ட் எதுவும் இல்லாமயே மிச்ச பெட்ரோல் எரிஞ்சுடும், அவ்வளவு சூடா வருது அந்த கேஸ்.

நம்பர்ல சொன்னா, சாதாரண விமான பிஸ்டன் இஞ்சின்ல எக்சாஸ்ட் கேஸ் 700ல இருந்து 800 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும். 13பியில 900ங்கிறது சர்வசாதாரணம், மிக்சரோ (பெட்ரோல்-காத்து கலவை) பொறி விடுற டைமிங்கோ கொஞ்சம் தப்பினா 1000 பக்கம் போயிடும். வித்தியாசம் நூறு நூத்தம்பது டிகிரிதானேன்னு தோணும். ஆனா சூடான பைப் சுத்தி வீசுற அனல் கெல்வின் கணக்கு வெப்பநிலையோட நாலாவது அடுக்குல ஏறுது, 800ல இருக்கிற பைப்பை விட 950ல இருக்கிற பைப் ஏறக்குறைய 1.7 மடங்கு அனலை வீசும். இருட்டுற நேரத்துல கௌலிங்கை (இஞ்சின் மேல மூடுற கூடு) கழட்டி வச்சிட்டு கிரவுண்ட் ரன் பண்ணிப் பாருங்க, போர்ட்ல இருந்து முதல் வளைவு வரைக்கும் பைப் ஆரஞ்சு நிறத்துல ஜொலிக்கும், பக்கத்துல போற ஹோஸோட நிழல் ஃபயர்வால்ல (இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு) விழும்.

சூடு மட்டும் இருந்தா சமாளிச்சிடலாம், அடியும் சேர்ந்து விழுது. ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்தினா ஒவ்வொரு ரோட்டரும் ஒரு தடவை எக்சாஸ்ட் விடும். ரெண்டு ரோட்டர், 6000 ஆர்பிஎம்னா செகண்டுக்கு 200 அடி, ஒரு மணி நேரத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். 2700 ஆர்பிஎம்ல ஓடுற நாலு சிலிண்டர் விமான இஞ்சின்ல செகண்டுக்கு 90தான், அதுவும் இவ்வளவு கூர்மையா இருக்காது. சூட்டுல இளகிப் போன தகட்டு மேல இந்த அடி விழுந்துக்கிட்டே இருக்கு, ஓட்டை போட்ட மெல்லிசு குழாய் எப்படி நிக்கும் சொல்லுங்க?

"இதே சைலன்சர் ரோட்டரி கார்ல வருஷக்கணக்கா ஓடுது"ன்னு நிறைய பேர் பதில் சொல்றீங்க. அது உண்மைதான், நான் மறுக்கல. ஆனா கார்ல அந்த சைலன்சர் எங்க இருக்கு? வண்டியோட பின்பக்கம், இஞ்சின்ல இருந்து ரெண்டு மூணு மீட்டர் தள்ளி, அவ்வளவு தூரம் வர்றதுக்குள்ள கேஸ் நல்லாவே ஆறிடும். விமானத்துல போர்ட்ல இருந்து ஒரு முழம் கூட இடம் கிடைக்காது, கௌலிங்குக்குள்ளயே மடக்கி வைக்கணும். இன்னொண்ணு, கார் ரோட்டுல போகும்போது முழு பவர்ல சின்னப் பங்குதான் எடுக்குது, ஃபுல் த்ராட்டில் கொடுத்தாலும் சில செகண்டுதான். விமானம் 75 சதவீதம் பவர்ல மணிக்கணக்கா போகும். கார்ல பாஸான சைலன்சர்ங்கிறது விமானத்துக்கு ஒரு சான்றிதழே கிடையாது, தயவுசெஞ்சு அந்தப் பதிலை விட்டுடுங்க.

மெட்டீரியல் விஷயத்துல ரொம்ப மழுப்புறீங்க. "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்"னு மட்டும் போட்டா என்ன அர்த்தம்? கிரேடு 304ஆ, 321ஆ, வேற எதாவதா? 304 கிட்டத்தட்ட 425ல இருந்து 815 டிகிரிக்குள்ள ரொம்ப நேரம் இருந்தா அதுல இருக்கிற குரோமியம் கார்பனோட சேர்ந்து கிரெயின் (மெட்டலுக்குள்ள இருக்கிற பொடி மணிகள்) ஓரத்துல ஒதுங்கிடும், அங்கதான் அரிப்பும் விரிசலும் ஆரம்பிக்குது, வெல்டிங் பக்கத்துல இது இன்னும் மோசம். 321ல டைட்டானியம் சேர்த்திருக்கிறதால அந்தத் தொல்லை குறைவு, அதனாலதான் விமான எக்சாஸ்ட்ல அதை விரும்புறாங்க. ஆனா 900க்கு மேல தொடர்ந்து ஓட்டினா 321ம் செதில் விட்டு மெலியும். போர்ட்டுக்குப் பக்கத்துல இருக்கிற முதல் பகுதிக்கும் சைலன்சரோட உள் குழாய்க்கும் இன்கோனல் 625ங்கிற நிக்கல் கலவை மெட்டல் போட்டா நிம்மதி. விலை அதிகம், வளைக்கிறது கஷ்டம், எல்லாம் தெரியும். மொத்தத்தையும் அதுல செய்யுங்கன்னு கேக்கல, சூடு அதிகமான அந்தப் பகுதியை மட்டும் செஞ்சு, அதுக்கான விலையைச் சொல்லுங்க, வாங்குறவங்க வாங்குவாங்க.

அடுத்தது நீளுற பிரச்சனை. ஒரு மீட்டர் ஸ்டெயின்லெஸ் பைப்பை 900 டிகிரிக்கு சூடாக்கினா 16 மில்லிமீட்டர் பக்கம் நீளும். ரெண்டு போர்ட்ல இருந்து வர்ற பைப்பை ஒண்ணாச் சேர்த்து வெல்ட் பண்ணி, அந்தப் பக்கம் சைலன்சரை கிளாம்ப் போட்டு இறுக்கிட்டா அந்த 16 மில்லி எங்க போகும்? ஃபிளாஞ்சையும் வெல்டிங்கையும் பிச்சுக்கிட்டுத்தான் போகும். பைப் நீளவும் அசையவும் இடம் கொடுக்கிற ஸ்லிப் ஜாயின்ட், பால் ஜாயின்ட் வச்சுக் கொடுக்கிறவங்க சில பேர் இருக்கீங்க, உங்களுக்கு உண்மையிலேயே நன்றி. வைக்காதவங்க வைங்க. வெல்ட் பண்ணும்போது பைப்புக்கு உள்ளயும் ஆர்கான் கேஸ் விடுங்க, இல்லன்னா உள்பக்கம் சர்க்கரைப் பாகு முறுகின மாதிரி பொரிஞ்சு நிக்கும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்புது. அப்புறம் பைப் மேல பென்சில்ல அளவு குறிக்காதீங்க, ஜிங்க் பூசின கருவியும் படக் கூடாது, சூடானதும் பென்சில் கார்பனையும் ஜிங்கையும் மெட்டல் உறிஞ்சி அந்த இடத்துலயே விரிசல் விட்டுப் போகும். விமான மெக்கானிக்குங்களுக்கு ஆரம்பத்துலயே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது, ஆனா எனக்கு வந்த ஒரு பைப்ல கட்டிங் கோடு பென்சில்ல பளிச்சுனு தெரிஞ்சுது.

சுத்து டேப் பத்தி ஒரு வார்த்தை. சைலன்சரோட சேர்த்து வெப்பம் தாங்குற டேப்பையும் வித்து "இதைச் சுத்திட்டா கௌலிங் தப்பிச்சிடும்"னு சொல்றீங்க. டேப் சூட்டை உள்ளயே பிடிச்சு வைக்குது, பைப்போட வெப்பநிலை இன்னும் ஏறுது, ஏற்கனவே எல்லையில நிக்கிற மெட்டலுக்கு அது எமன். போதாக்குறைக்கு விரிசல் விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. கௌலிங்கைக் காப்பாத்த மெல்லிசு ஸ்டீல் தகட்டை நடுவுல இடைவெளி விட்டு நிறுத்தி அதுக்குள்ள காத்து ஓட விட்டா போதும், அந்த ஷீல்டுக்கான பிராக்கெட்டை உங்க சைலன்சர்லயே வெல்ட் பண்ணிக் கொடுங்க. நாங்க கட்டுற கௌலிங் பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ், அறை வெப்பத்துல இறுகுற எபாக்சி 60, 70 டிகிரியிலயே இளக ஆரம்பிச்சிடும். பக்கத்துலயே கூலன்ட் ஹோஸ், ஆயில் ஹோஸ், பெட்ரோல் லைன் எல்லாம் ஓடுது.

கேபின் ஹீட்டுக்காக சைலன்சர் மேல ஜாக்கெட் போட்டு விக்கிறதை ரோட்டரிக்கு மட்டுமாவது நிறுத்திடுங்க. உள்ள விரிசல் விட்டா கார்பன் மோனாக்சைடு நேரா பைலட் மூஞ்சிக்கு வரும், அதுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல, தலை சுத்துறது தெரியுறதுக்குள்ள முடிவெடுக்கிற புத்தி போயிடும். இது தண்ணியில குளிர்ற இஞ்சின், ஒரு சின்ன கார் ஹீட்டர் கோரைக் கூலன்ட் லைன்ல சேர்த்தா கேபின் சூடாயிடும், எக்சாஸ்ட்டைத் தொடவே வேண்டாம்.

சைலன்சரே வேணாம், நேர் பைப் விட்டுடுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நேர் பைப் விட்ட ரோட்டரி பக்கத்துல ஒரு தடவை நின்னவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. காது போறது ஒரு பக்கம், ஓடுதளம் பக்கத்துல குடியிருக்கிறவங்க புகார் கொடுத்து கடைசியில இந்த இஞ்சினுக்கே கெட்ட பேர் வரும். மிக்சரை ரிச்சா (பெட்ரோல் ஜாஸ்தியா) வச்சு ஓட்டு, சூடு குறையும்ங்கிறதும் பாதி பதில்தான். குறையும், ஆனா பெட்ரோல் கொட்டும், எரியாதது சைலன்சருக்குள்ள போய் வெடிக்கிற வாய்ப்பும் கூடும். ஒவ்வொரு ரோட்டருக்கும் இருக்கிற ரெண்டு பிளக்ல முக்கியமான லீடிங் பிளக் ஒண்ணு செத்தாலே எரியுறது பிந்திப் போய் எக்சாஸ்ட் சூடு எகிறிடும், அந்த நேரத்துல பக்கத்து ஓடுதளம் வரைக்குமாவது சைலன்சர் தாங்கணும் இல்லையா?

இதெல்லாம் நடக்காத காரியம்னு சொல்ல முடியாது. ஷ்லைஷர்ங்கிற ஜெர்மன் கம்பெனியோட ஏஎஸ்ஹெச் 26 இ கிளைடர்ல ஒத்தை ரோட்டர் இஞ்சினைப் போட்டு முறையா சான்றிதழ் வாங்கியே வித்திருக்காங்க. வீட்டுல கட்டுறவங்கள்லயும் கண்ணாடி நாரே இல்லாம, தடிமனான குழாயில துளை போட்டு, அதை ஒரு முனையில மட்டும் பிடிச்சு மறுமுனையை நீள விட்டு செஞ்சவங்க நல்லா ஓட்டிக்கிட்டு இருக்காங்க. அதை ஒவ்வொருத்தரும் தனித்தனியா உடைச்சு உடைச்சுக் கத்துக்கிறதை விட, மெஷினும் வெல்டரும் கையில வச்சிருக்கிற நீங்க செஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்.

அதனால அடுத்த பேட்ச் விக்கிறதுக்கு முன்னாடி ஒரு சைலன்சரை எடுத்து 13பி மேல மாட்டி, போர்ட் பக்கத்துல தெர்மோகப்பிள் (சூடு அளக்குற சென்சார்) வச்சு, 75 சதவீதம் பவர்ல தொடர்ந்து ஓட விடுங்க. முடிஞ்சதும் நீங்களே அறுத்து உள்பக்கத்தை போட்டோ எடுத்துப் போடுங்க, நல்லா இருந்தாலும் சரி, போயிருந்தாலும் சரி. ஓடின மணி நேரம், கேஸோட சூடு, மெட்டல் கிரேடு, தடிமன், உள்ள இருக்கிற அமைப்பு, இவ்வளவையும் ஒரு தாள்ல எழுதி பெட்டிக்குள்ள வைங்க. உள்ள பார்க்க ஒரு திருகு மூடி வைங்க, போரஸ்கோப் (உள்ள விட்டுப் பார்க்கிற மெல்லிசு கேமரா) நுழையுற அளவு ஓட்டை இருந்தா போதும், ஒவ்வொரு ஆயில் மாத்தும்போதும் எட்டிப் பார்த்துக்குவோம். உள் குழாய் உடைஞ்சாலும் துண்டு வெளி வாயை அடைக்காத மாதிரி குறுக்கே ரெண்டு தடி கம்பியை வெல்ட் பண்ணிடுங்க. இந்த விவரத்தோட முதல்ல யார் விக்கிறாங்களோ அவங்ககிட்ட என்னோட அடுத்த சைலன்சரை வாங்குறேன், ரோட்டரி போட்டுக் கட்டிக்கிட்டு இருக்கிற மத்தவங்களையும் அங்கதான் அனுப்புவேன்.

இப்படிக்கு,
13பி போட்டு விமானம் கட்டி ஓட்டுற ஒருத்தன்