வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேடு

கோத்தகிரி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைத் தம்பி பெரிதாக்கிக் காட்டினான். ஏற்காட்டில் சொந்த வீடு! தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் பொக்லைன் வைத்து வெட்டிய மேடு பச்சைப் புண்ணாக நிற்கிறது. ஒரு புல் இல்லை. உச்சியில் மரவேர் அந்தரத்தில் தொங்குகிறது. இப்போது ஆடி. ஐப்பசி மழைக்குள் செடி வேர்பிடித்தாக வேண்டும்.

முதலில் தண்ணீர். மேட்டுக்கு மேலே வாய்க்கால் வெட்டி, வரும் நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடு. கூரைத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் அந்த மண்ணில் இறங்கவே கூடாது. செங்குத்தாக வெட்டியதைச் சரிவாக்காமல் எதை நட்டாலும் நிற்காது. செடி மேல்மண்ணைத்தான் பிடிக்கும். ஆழத்திலிருந்து மொத்தமாகச் சரிந்தால் அதனால் தடுக்க முடியாது. அடியில் தடுப்புச் சுவர் வேண்டுமா என்று பொறியாளரை அழைத்துக் காட்டு. மாப்பிள்ளையிடம் சொன்னாயா?

வெட்டிவேர்தான் முதுகெலும்பு. அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் ஆளுயரத்துக்கும் கீழே நேராக இறங்கும். தூரைப் பிரித்து, தாளை ஒரு சாண் விட்டு நறுக்கி, வேரையும் கத்தரித்து, இரண்டு மூன்று தாளாகச் சேர்த்து அரைச் சாண் இடைவெளியில் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நெருக்கமாக நடு. வரிசை நடுவில் ஓர் இடம் பட்டுப்போனாலும் தண்ணீர் அந்த வழியாகத்தான் பாயும். 2009 நவம்பரில், நம் மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் மண்ணில் புதைந்த அந்த மழையில், அப்பா நட்ட வரிசைக்குப் பின்னால் மண் வந்து தங்கியதை நீயே பார்த்தாய். பார்த்தும் இப்படி வெட்ட விட்டிருக்கிறாய்.

வரிசைகளுக்கு நடுவே மஞ்சள் பூப் பூக்கும் காட்டு வேர்க்கடலையைப் படரவிடு. கணுவுக்குக் கணு வேர்விடும், ஓரளவு நிழலையும் தாங்கும். மரத்தடி நிழலில் வெட்டிவேர் தேறாது. ஈரமான இடத்தில் வல்லாரை, வெயில் படும் இடத்தில் பொடுதலை. வேர்பிடிக்கும் வரை தென்னைநார் வலை விரித்து முளை அடித்து வை. நர்சரிக்காரர் சீக்கிரம் பச்சையாகிவிடும் என்று வெடேலியா என்ற படர்கொடியைத் தருவார். வாங்காதே, அது காட்டுக்குள் இறங்கிவிடும். வாழையும் வேண்டாம், கனத்த தண்டு, மேலோட்டமான வேர்.

வரிசை சமமட்டத்தில் போக வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயால் மட்டம் பார். அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒரு முனையை ஒருவர், மறுமுனையை இன்னொருவர். உனக்கு மறுமுனையைப் பிடிக்க யார் இருக்கிறார்கள் என்று எழுது. சித்திரையிலிருந்து நீ பேசும்போதெல்லாம் சிமெண்ட், ஓடு, வயரிங் என்றே பேசுகிறாய். படத்திலும் நீ மட்டும் நிற்கிறாய். நாள் முழுவதும் தேயிலைக்குக் குழி வெட்டினாலும் சளைக்காத பெண் நீ, ஒரு வீட்டையே தனியாக நின்று கட்டிவிடுவாய், எனக்குத் தெரியும். அதற்காகத் தனியாகத்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

வாய்க்காலை மறந்துவிடாதே. மேட்டுக்கு மேலே, பக்கவாட்டில்.

ஒரு மூட்டை வெட்டிவேர்த் தூர் பிரித்து ஈரச்சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். நான்கு நாளுக்கு மேல் தாங்காது. மாப்பிள்ளை வந்து எடுத்துப்போனால் சந்தோஷம். யாராலும் முடியாது என்றால் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர், சேலம் வழியாக நானே வந்துவிடுகிறேன். நட்டு முடியும் வரை தங்குவேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே.

அம்மா