மாமா படமும் ஆனை ஸ்டிக்கரும்

ஏல மாப்ள,

நல்லாருக்கியா, தங்கச்சி புள்ளைய எல்லாம் சொகந்தான? இங்க செங்கோட்டைல சாரல் ஆரம்பிச்சாச்சு, பிரானூர் பார்டர் பரோட்டா கடைல நிக்க எடமில்ல, குத்தாலத்துக்கு வார வண்டி பூரா அங்கதான் கெடக்கு.

மாமா நினைவு நாள் ஃபிளெக்ஸுக்கு நீ அனுப்புன படத்த பாத்தேன். "வெக்டரா மாத்தி ஆறடிக்கு போடுல, உடையாதுல்லா"ன்னு வாய்ஸ் வேற. அங்கதாம்ல இடிக்கி, வெக்டர்னா புள்ளியா இல்லாம கோட்டுக் கணக்கா வச்ச படம், எல்லா படத்தையும் அப்டி மாத்திர முடியாது.

போன வாரம் புனலூர் பக்கமிருந்து ஒரு சிப்ஸ் கடைக்காரர் வந்தாரு, முகப்பு கண்ணாடிக்கு 10 அடில ஸ்டிக்கர் கட்டிங், தமிழ்லயும் மலையாளத்துலயும் பேரு, நடுவுல ஆனை. "ஒறிஜினல் சிடிஆர் ஆணு"ன்னு (சிடிஆர்னா கோரல் டிசைன் சாஃப்ட்வேரோட ஃபைலு) பென்டிரைவ நீட்டுனாரு, கோரல்ல தொறந்து ஆனைய க்ளிக் பண்ணா கீழ பிட்மேப்னு, அதாவது வெறும் புள்ளிக் கட்டமா அடுக்குன படம்னு காட்டுது, எவனோ ஜேபெக்க உள்ள இழுத்துப் போட்டு சேவ் பண்ணி காசும் வாங்கிட்டு போயிருக்கான். அகலம் வெறும் 640 பிக்சல், 10 அடிக்கு இழுத்தா ஒவ்வொரு கட்டமும் 5 மில்லிமீட்டர் கிட்ட வரும், துவரம்பருப்பு சைசு! சரி கம்ப்யூட்டரே ஓரம் பாத்து கோடா மாத்தட்டும்னு ட்ரேஸ் குடுத்தா ஓரத்துல இருந்த ஜேபெக் அழுக்கையும் கோடுன்னு எடுத்துக்கிட்டு தும்பிக்கைல மட்டும் நூத்துக்கணக்குல நோட் (கோடு திரும்புத முனை), கட்டர் பிளேடு அந்த எடத்துல டிர்ர்ருன்னு நடுங்கி வினைல கடிச்சு வச்சிருச்சு. எல்லாத்தையும் அழிச்சுட்டு வளைவு வரையுத பெசியர் டூல் எடுத்து கையால வரஞ்சேன், மொத்த ஆனைக்கும் 46 நோட், வெண்ணெய் மாதிரி வெட்டுச்சு. (அந்த பெசியர், ரெனால்ட் கார் கம்பெனி இன்ஜினியராம், காரு பாடி வளைவுக்கு பயன்படுத்துன கணக்கு. சிட்ரோயன்ல டி காஸ்டல்ஜோ 1959லயே இத போட்டுட்டாராம், பேரு மட்டும் இவருக்கு.)

அத்த வாசல்ல "15 புள்ளி, 8 வர, ஊடுபுள்ளி"ன்னு சொல்லிக்கிட்டே கோலம் போடுவாவல்லா, நோட்டுல போட்டாலும் தெருவ அடச்சு போட்டாலும் கோலம் அதான. வெக்டர் ஃபைலும் அப்டிதான், எங்க ஆரம்பிச்சு எவ்ளோ வளையணும்ங்கற கணக்குதான் உள்ள இருக்கும், எந்த சைசு கேட்டாலும் புதுசா போட்டுக் குடுக்கும்.

மாமா மொகத்துல கோடு எங்கல இருக்கு? அந்த ரெண்டு நாள் வெள்ளத் தாடி, கன்னத்து நெழலு, மூக்குக் கண்ணாடில ஜன்னல் வெளிச்சம், இதெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா மாறுத கலரு, ட்ரேஸ் பண்ணா கட்சி போஸ்டர் தலைவர் மாதிரி ஆயிருவாரு. அது பிட்மேப்பாவே இருக்கட்டும், புள்ளிதான் நெறய வேணும். நீ ஆல்பத்த போன்ல புடிச்சு வாட்ஸப்ல அனுப்புனது 960 பிக்சல் அகலம், 4 அடி ஃபிளெக்ஸ்ல இஞ்சுக்கு 20 புள்ளிதான் தேறும். அந்த 4க்கு 6 இஞ்சு போட்டோவயே குடுத்தன்னா 600 டிபிஐல, அதாவது இஞ்சுக்கு 600 புள்ளில, ஸ்கேன் பண்ணி 2400க்கு 3600 எடுத்துருவேன், 4க்கு 6 அடில இஞ்சுக்கு 50. பந்தல்ல தள்ளி நின்னு பாக்கதுக்கு அது போதும்.

பொதிகை ரயில்ல யாராச்சும் வந்தா குடுத்து விடு, ரெண்டு பக்கமும் அட்ட வச்சு கட்டு, மடிச்சிராத. பேரு தேதியெல்லாம் வெக்டர்ல நான் போட்டுருதேன். தமிழ் மாசமும் வேணுமா, இங்கிலீஷ் தேதி போதுமான்னு அத்தைட்ட கேட்டு சொல்லு.