காலை ஆட்டிக்கொண்டே படி

அன்புள்ள கண்ணா,

போன வாரமும் போனில் "நாளைக்குக் கண்டிப்பா உட்கார்ந்துடுவேன்மா" என்றாய். அந்த நாளைக்கு மூன்று வாரமாக வந்துகொண்டே இருக்கிறது. பயப்படாதே, திட்ட எழுதவில்லை. ஆய்வேட்டைத் திறந்தாலே வயிற்றைப் பிசைகிறது என்றாயே, அதுதான் எனக்குப் பிடிபட்டது. நீ தள்ளிப்போடுவது அந்தப் பிசைவைத்தான். வேலையும் அதோடு சேர்ந்து தள்ளிப்போகிறது.

முதலில் என் பக்கத்துத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பள்ளி நாளில் நீ காலை ஆட்டிக்கொண்டேதான் படிப்பாய். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பாய். "ஒரு இடத்துல அடங்கி உட்காரத் தெரியாதா?" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! நீ அடங்கி உட்கார்ந்த அன்றெல்லாம் பக்கமே புரளாது. அதைக் கண்ணால் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

2009-இல் வெளிவந்த ஒரு ஆய்வைச் சமீபத்தில் படித்தேன். ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியலாளர் 40 பேரை உட்காரவைத்து, கொட்டாவி வரவைக்கும் ஒரு தொலைபேசிப் பேச்சைக் கேட்கச் செய்திருக்கிறார். அதில் பாதிப் பேர் கேட்டுக்கொண்டே காகிதத்தில் இருந்த கட்டங்களையும் வட்டங்களையும் பென்சிலால் தீட்டினார்கள். சும்மா கேட்டவர்களைவிட இவர்களுக்கு 29 சதவீதம் கூடுதலாக நினைவிருந்ததாம். படித்ததும் உன் பேனா மூடிதான் ஞாபகம் வந்தது.

இப்போது நானே கணக்கு எழுத உட்கார்ந்தால் இடது கையில் ஒரு கூழாங்கல் வைத்துக்கொள்கிறேன். முழுக்க வழவழப்பு, ஒரே இடத்தில் மட்டும் சொரசொரவென்று ஒரு கீறல். கட்டைவிரல் தானாக அந்தக் கீறலைத் தேடிப் போய்விடும். கூட்டல் உதைக்கும்போது விரல் வேகமாகத் தேய்க்கும்; சரி, எழுந்து ஓடப் பார்க்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே உறைக்கும். கல், ரப்பர் பந்து, துணி முடிச்சு, எதுவானாலும் பார்க்காமலே கையாள முடிய வேண்டும். சுழன்று மின்னுகிற பொம்மை வாங்காதே, கண் அதன் பின்னாலேயே போய்விடும்.

காது விஷயத்தில் ஊருக்கெல்லாம் ஒரே மருந்து கிடையாது. 2007-இல் வந்த ஓர் ஆய்வில், தொடர் இரைச்சல், ஏடிஹெச்டி என்கிற கவனக்குறைவும் துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகளுக்கு நினைவில் வைக்க உதவியிருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு அதையே கெடுத்திருக்கிறது. மழைச் சத்தம், மின்விசிறி இரைச்சல், முழு அமைதி என்று மாற்றி மாற்றி நீயே வைத்துப் பார். வரிகள் உள்ள பாட்டு மட்டும் எழுதும்போது வேண்டாம். நீ தேடும் சொல்லும் பாடுகிறவர் சொல்லும் முட்டிக்கொள்ளும். வாசனைத் திரி எனக்கு ஒத்துவரவில்லை. ஐந்து நிமிஷத்தில் மூக்குக்குப் பழகிவிடுகிறது.

அப்புறம், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, கையால் முறுக்குகிற டைமர் ஒன்று வாங்கிக்கொள். இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களில் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவ டைமரை முறுக்கிவைத்துத்தான் படித்தாராம். அவர் முறையில் ஒரு தவணை 25 நிமிஷம். உனக்கு இப்போதைக்குப் பத்து போதும். முறுக்கும்போது விரலில் படும் இறுக்கம், டிக் டிக் சத்தம், இரண்டும் சேர்ந்து உட்காரவைத்துவிடும். மணி அடித்ததும் எழுந்துவிடு, வரி பாதியில் நின்றாலும் சரி. மறுபடி வந்து உட்கார அந்தப் பாதி வரி கைகொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எத்தனை பக்கம் ஆச்சு என்று கேட்க மாட்டேன். கையில் என்ன வைத்திருந்தாய் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா