சிப் அனுப்பி வையுங்கள்: மாவட்டக் காசநோய் அலுவலருக்கு ஓர் ஆய்வக நுட்புநரின் மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியில் காசநோய்க் கிருமியைத் தேடும் ட்ரூநாட் கருவியில், ஒவ்வொரு சோதனைக்கும் செருக வேண்டிய சிப் தீர்ந்து ஏழு வாரம் ஆகிறது. கடிதம் எழுதினேன், போன் செய்தேன், மாதக் கூட்டத்தில் நேரிலும் சொன்னேன். இன்னொரு முறை கேட்கத்தான் இந்த மடல்: சிப் அனுப்பி வையுங்கள்.

சென்ற மாதம் செங்கல் சூளையில் வேலை செய்யும் ஓர் அம்மா, சளிக் குப்பியை முந்தானையில் சுற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தார். "சிப் இல்லம்மா" என்றேன். துணி போர்த்தி வைத்திருந்த கருவியைக் காட்டி, "மிஷினு இங்கதானே இருக்கு தம்பி?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. சளியை ஸ்லைடில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தேன். கிருமி தென்படவில்லை. ஒரு மில்லி சளியில் ஏறத்தாழ 10,000 கிருமியாவது இருந்தால்தான் ஸ்லைடில் கண்ணுக்குப் படும். சிப்புக்கு அதில் சிறு பங்கு போதும். கிருமியின் டிஎன்ஏவைத் திரும்பத் திரும்பப் படியெடுக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சாயத் துணுக்கு விடுபட்டு ஒளிரும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைக் கருவி பிடித்து, திரையில் கோடு மேலேறுவதாகக் காட்டும். சுமார் ஒரு மணி நேர வேலை. சிப் இல்லாததால் மாதிரியை வெளியே அனுப்பினோம். பதினெட்டு நாள் கழித்து முடிவு வந்தது: பாசிட்டிவ். அத்தனை நாளும் அவரும் மகளும் பேத்தியும் ஒரே அறையில்தான் படுத்திருக்கிறார்கள்.

கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும், பெரிய ஆய்வகம் வேண்டாம் என்றுதானே இந்தக் கருவி கிராமத்துக்கு வந்தது? கோவா நிறுவனம் ஒன்று தயாரிப்பது, 2020இல் உலக சுகாதார நிறுவனமும் இந்தச் சோதனையைப் பரிந்துரைத்தது. 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று எங்கள் சுவரிலும் எழுதியிருக்கிறது. முகாம் நடத்துங்கள், எண்ணிக்கை அனுப்புங்கள் என்று வாரம் தவறாமல் செய்தி வருகிறது. எதை வைத்து ஐயா சோதிப்பது? நோயாளி முகத்தைப் பார்த்து "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்வது நாங்கள்தான்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். ஒரு சிப் ஒருவருக்குத்தான், ஒரு தடவைதான். ஆகவே முதலில் ஒரு மாதத்துக்கான சிப்பை அனுப்புங்கள். அப்புறம், கையிருப்பு முழுக்கத் தீரும் முன்பே அடுத்தது வந்துசேர ஏற்பாடு செய்யுங்கள்.

அந்த அம்மாவின் மகளுக்கும் இப்போது இருமல். திங்கட்கிழமை காலை சளியோடு வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் சிப் கிடைக்கும்படி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்புநர்