சென்றல் மைதானத்திலிருந்து ஒரு கடிதம்

யாழ்ப்பாணம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிவிட்டது. பதில் பிந்தியதற்குக் காரணம் சோம்பல் இல்லை, ஒரு வேலையில் மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

முதலில் உன் முழங்கால். சத்திரசிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு படி ஏறிப் பழகுகிறாய் என்று வாசித்தபோது, கவலைப்படுவதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. மன்னித்துக்கொள். நூலகப் பக்கத்திலிருந்து இருபது காலடி அளந்து வைத்து, ஊரையே மிரட்டுகிற மாதிரி ஓடிவந்து பந்து போட்ட கால் அல்லவா அது? மருத்துவர் கேட்டால் பனியில் வழுக்கியதைச் சொல்லாதே, அந்த ஓட்டத்தைச் சொல்லு. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். மகள் கொழும்பில் வேலை. மாமரம் இந்த முறை காய்க்கவில்லை. அவ்வளவுதான் வீட்டுச் செய்தி.

சரி, விசயத்துக்கு வருகிறேன். எங்கள் வகுப்புப் பொடியள் நாலைந்து பேர் சேர்ந்து எங்கள் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின், அதுதான் சென்றலின், விளையாட்டுக் கதையை ஒரு சிறு மலராகப் போடலாம் என்று இறங்கியிருக்கிறோம். சங்கம், கூட்டம், தீர்மானம் ஒன்றும் இல்லை. ஞாயிறு பின்னேரம் என் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைப்பதுதான். யார் யாரை எழுதுவது, எந்த அணியை எழுதுவது, எதை விடுவது. ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்தோம். இப்போது மாதக் கணக்கை நான் எண்ணுவதில்லை.

தகவல் தேடுவதுதான் பெரிய பாடு. பழைய பத்திரிகையைப் புரட்டலாம் என்றால், எந்த நூலகத்தில்? எங்கள் மைதானத்திலிருந்து சிக்ஸர் அடித்தால் கிட்டப் போய் விழுகிற தூரத்தில் இருந்த நூலகம் 1981இல் 97,000 புத்தகங்களோடு எரிந்தது. வீடுகளில் இருந்ததாவது மிஞ்சியதா என்று பார்த்தால், 1995 ஒக்ரோபர் முப்பதாம் திகதி. போருக்குப் பயந்து ஒரே இரவில் யாழ்ப்பாணத்து வலிகாமமே வெளியேறியபோது ஆட்கள் அரிசி எடுத்தார்கள், அடையாள அட்டை எடுத்தார்கள், காணி உறுதி எடுத்தார்கள். கல்லூரி மலரை யார் எடுப்பார்? ஒரு வீட்டில் மட்டும் ஒரு அணிப் படம் கிடைத்தது. கறையான் தின்று, பின்வரிசையில் நின்றவர்களுக்குத் தலை இல்லை. தலையில்லாதவர்களில் ஒருவர் தான்தான் என்று ஒரு பெரியவர் சத்தியம் பண்ணுகிறார். நிற்கிற விதத்தைப் பார்த்தால் அவர்தான் போலவும் இருக்கிறது.

எதிர்வீரசிங்கத்தைப் பற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சின்ன வயதில் அவர் பெயரை எத்தனை தரம் கேட்டிருப்போம். இல்ல விளையாட்டுப் போட்டியில் எவனாவது உயரம் பாய்தலில் தடியைத் தட்டிவிட்டால், ‘பெரிய எதிர்வீரசிங்கம்’ என்று கூவுவோமே. பெயர் தெரிந்ததே தவிர, அவர் என்ன செய்தார் என்று அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. இப்போது உட்கார்ந்து வாசித்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனபோது அவருக்கு வயது 17. பிறகு 1956இல் மெல்பேர்ண். 1958இல் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம். ஆசிய விளையாட்டுகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. 2.03 மீற்றர் என்றால் எவ்வளவு என்று கண்ணால் பார்க்க ஆசை வந்தது. எங்கள் வாசல் நிலை ஏழடி. அதற்கு நாலங்குலம் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டேன். புதிதாகப் பெயின்ற் அடித்த நிலை என்பதால் மனைவி ஏசினாள். ஆனால் அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்று பார், மச்சான். நீயும் நானும் கையைத் தூக்கினால்தான் எட்டுவோம். அந்த மனிதர் முழு உடம்பையும் அதற்கு மேலால் கொண்டுபோயிருக்கிறார்.

அதிலும் ஒன்று யோசி. இப்போது பிள்ளைகள் முதுகைத் திருப்பிப் பாய்ந்து மெத்தையில் தொப்பென்று விழுகிறார்கள். அந்த முறையை உலகம் கண்டதே 1968இல், மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் ஃபொஸ்பெரி பாய்ந்தபோதுதான். எதிர்வீரசிங்கம் பாய்ந்த காலத்தில் மணல் குழி. முதுகில் விழுந்தால் அடுத்த நாள் பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரிதான். அதனால் தடியின் மேல் பக்கவாட்டிலோ குப்புறவோ உருண்டு, காலோ கையோ முதலில் நிலத்தில் படும்படி இறங்க வேண்டும். உயரத்தையும் பார்க்க வேண்டும், விழுகிற இடத்தையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. அதை எழுதுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். அந்த ஆசிய விளையாட்டு நடந்தது 1958 மே 24 முதல் ஜூன் 1 வரை. இங்கே அதே கிழமையில்தான் தமிழருக்கு எதிரான 58 கலவரம். மே 27 அவசரகால நிலை. கொழும்பில் தமிழர் அகதிகளாகி, கப்பலில் வடக்குக்கு அனுப்பப்பட்ட அந்தக் காலத்தில், அந்த நாட்டின் கொடிக்கு முதல் தங்கத்தை எடுத்துக்கொடுத்தது பெரியவிளானில் பிறந்த ஒரு தமிழ் இளைஞன். ‘விளையாட்டு மலருக்குள் அரசியல் வேண்டாம்’ என்றான் ஒருவன். நான் அரசியல் எழுதவில்லை, இரண்டு திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறேன், அவ்வளவுதான் என்றேன். கடைசியில் போடுவதென்று முடிவு. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அவர் 2024 ஏப்ரலில், 89ஆம் வயதில் காலமானார். அதற்கு அடுத்த மாதம், மே 8, வியாஸ்காந்த் ஐ.பி.எல்லில் இறங்கினான். ஹைதராபாத்துக்காக, லக்னோவுக்கு எதிராக. நாலு ஓவர், 27 ஓட்டம், விக்கெட் இல்லை. அந்த மட்ச் உனக்கு ஞாபகம் இருக்கும்: 166 ஓட்ட இலக்கை ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் பத்து ஓவருக்குள் அடித்து முடித்தார்கள். உலகம் முழுக்க அந்த அடியைப் பற்றிக் கதைத்தது. எங்கள் தெருவில் மட்டும் அந்த நாலு ஓவரைப் பற்றிக் கதைத்தார்கள். கடைக்காரர் 27 ஓட்டத்தையும் பந்து பந்தாகச் சொன்னார். எனக்குப் பால்மா வாங்க அரை மணித்தியாலம் எடுத்தது.

அவனும் சென்றல் பொடியன்தான். லெக் ஸ்பின். 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு ஆடியபோது வயது 18. முதல் விக்கெட் யாருடையது தெரியுமா? அஞ்சலோ மத்தியூஸ். 2023இல் இலங்கை அணிக்கு முதன்முதலாக ஆடியது ஹாங்சோவில், ஆசிய விளையாட்டுப் போட்டியில். பார்த்தாயா, ஒரே பள்ளிக்கூடத்து இரண்டு பொடியள், 65 வருட இடைவெளியில், அதே ஆசிய விளையாட்டில். இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று விறாந்தைக் கூட்டத்தில் கொஞ்சம் பெருமை அடித்துக்கொண்டேன்.

வியாஸ்காந்தைப் பற்றி எழுதும்போது ஆடுதளத்தில் விரிக்கிற தும்பு விரிப்பைப் பற்றியும் எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். நாங்கள் எல்லாம் அதில்தானே ஆடினோம். ஆணி அடித்து இழுத்துக் கட்டுகிற வேலை எப்போதும் ஒன்பதாம் வகுப்புக்காரருக்கு. விரிப்பில் பந்து குத்தினால் எழும்பும், கடித்துத் திரும்பும். சுழற்பந்துக்காரனுக்குக் கொண்டாட்டம். ஆனால் அதிலேயே வளர்ந்த துடுப்பாட்டக்காரன் கொழும்புக்குப் போய்ப் புற்றரையில் நின்றால், இடுப்புக்கு வரும் என்று காத்திருக்கிற பந்து கணுக்காலுக்கு வரும். பின்காலில் ஆடிப் பழகியவனுக்கு முன்கால் போகாது. எங்கள் காலத்தில் நன்றாக ஆடியவர்கள் தெற்கே போய்த் தடுமாறியபோது ‘திறமை போதாது’ என்று நாங்களே சொன்னோம். திறமையில் பிழை இல்லை, நிலம்தான் வேறு.

அணிகளைப் பற்றிய பகுதி இன்னும் இழுபடுகிறது. எங்கள் பரம எதிரணியான சென்ஜோன்ஸ் கல்லூரியை வென்ற ஆண்டுகளை மட்டும் போட்டால் போதும் என்பது ஒரு கட்சி. வென்ற ஆண்டுகளை விட, கடைசி விக்கெட்டை வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் பொழுது சாயும்வரை நின்று சமப்படுத்திய ஆட்டங்கள்தான் என் நினைவில் இருக்கின்றன. வென்ற அணிக்குக் கிண்ணம் சாட்சி. சமன் செய்தவனுக்கு யார் சாட்சி? அப்புறம், இதை வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியாது. என் மனைவியின் தம்பி சென்ஜோன்ஸ். மார்ச் மாதம் வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு வானொலி இருந்தாலும் ஒன்றுதான் பாடும்.

மற்றப் பள்ளிக்கூடங்களையும் ஒரு பக்கத்தில் எழுதுவோம் என்று சொல்லிப் பார்த்தேன். தெல்லிப்பழை மகாஜனாவில் பழகிய அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்ப உயர்த்தியதை எழுதாமல் வடக்கின் விளையாட்டைப் பற்றி என்ன எழுதுவது? ‘அது மகாஜனாக்காரர் எழுதட்டும்’ என்று வெட்டிவிட்டார்கள். சரி, அதை விட்டுக்கொடுத்தேன்.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அதற்குத்தான் நீ தேவை.

பின் அட்டையில் பெரும் போரின், அதுதான் எங்களுக்கும் சென்ஜோன்ஸுக்கும் நடக்கும் கிரிக்கெட் மட்சின், பட்டியலைப் போடுகிறோம். 1904இல் தொடங்கியது. ஆண்டு, அணித் தலைவர், முடிவு. தட்டச்சுச் செய்த தம்பி வந்து, ‘அண்ணை, ஆண்டுக் கணக்கும் போட்டிக் கணக்கும் பொருந்தவில்லை, எங்கேயோ பிழை விட்டிட்டம்’ என்றான். பிழை இல்லைத் தம்பி, அந்த ஆண்டுகளில் மட்ச் நடக்கவில்லை என்றேன். அவன் தலையாட்டிவிட்டு அந்த வரிகளை அழித்து மேலே கீழே ஒட்டிவிட்டான். பட்டியல் இப்போது அழகாக, இடைவெளி இல்லாமல் இருக்கிறது. அதைப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்த இடைவெளிக்குள்தானே நாங்கள் இருக்கிறோம்? கோட்டைப் பக்கம் ஷெல் விழுந்தால் பயிற்சியை விட்டுவிட்டு ஓடி, அடுத்த நாள் திரும்ப வந்து விரிப்பைக் கட்டினோம். அணி தெரிவாகி, பெயர்களைப் பலகையில் ஒட்டினார்கள். உனக்குப் பிளேசருக்கு அளவு எடுத்தார்கள். உன் அம்மா அதற்காக ஒரு காப்பை அடகு வைத்தது எனக்குத் தெரியும், நீ சொல்லாவிட்டாலும். பப்பரே வாத்தியக்காரருக்கு முற்பணம் கொடுத்தாயிற்று. தொப்பி ஏந்திக் காசு சேர்க்க எந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு முதலில் போவது என்று சண்டையும் பிடித்தாயிற்று. மட்ச் மட்டும் நடக்கவில்லை. நீ அந்தப் பிளேசரை ஒருநாளும் போடவில்லை.

அந்த ஆண்டு ஸ்கோர் புத்தகம் என் கையில்தான் இருந்தது. கையெழுத்து வடிவு என்று என்னிடம் தந்திருந்தார்கள். முதல் நாள் இரவே குப்பி விளக்கில் இருந்து பதினொரு பெயரையும் எழுதி முடித்தேன், எங்கள் பக்கம் மட்டும். நீ ஒன்பதாவது. நீ கொழும்புக்குப் போகிற அன்று, தாண்டிக்குளம் வரையிலான சைக்கிள் பயணத்துக்கு முன்னால், உன் பையில் அந்தப் புத்தகத்தை வைத்தது நான்தான். பிறகு இத்தனை வருடத்தில் நீயும் அதைப் பற்றி எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. தொலைந்துவிட்டது என்று நீ சொல்லிவிடுவாயோ என்ற பயம்.

போன கடிதத்தில், முழங்காலால் நடக்க முடியாமல் வீட்டில் இருந்தபோது நிலவறையில் இருந்த பழைய பெட்டிகளைப் பேரன் கொண்டுவந்து கொட்டினான், ‘உன் கோழிக் கிறுக்கல் ஒன்றும் கிடந்தது’ என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அது அந்தப் புத்தகம்தானா?

அதுதான் என்றால், அந்தப் பக்கத்தைப் பேரனிடம் கொடுத்து நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொல்லி வட்ஸ்அப்பில் அனுப்பு. பெயர்களை மட்டும் வெட்டி எடுக்க வேண்டாம், முழுப் பக்கமும் வேண்டும், ஓட்டம் எழுதுகிற வெறும் கட்டங்களோடு. தம்பி அழித்த வரியைத் திரும்பப் போடச் சொல்லி, அதற்கு எதிரே அதைப் போடப் போகிறேன். அச்சகத்துக்கு அடுத்த மாதம் பத்தாம் திகதி கொடுக்க வேண்டும். பிந்தாதே.

உன் பழைய வாங்குக்காரன்

பி.கு: பெயர்களில் ஆறாவது யார் என்று எனக்கு மறந்துவிட்டது. இரண்டு பேர் உரிமை கோருகிறார்கள். அதையும் பார்த்துச் சொல்லு, ஆனால் எனக்கு மட்டும்.